கிளையாக நீண்ட கை

நிலையில்லாத மனிதனைப் ‘பச்சோந்தி’ என்று இகழ்வது நம்மவர் வழக்கம். உள்ளத்தை மறைத்து, இடத்துக்கேற்ப வேடம் பூணுபவன் என்பது அதன் கருத்து. அரபு மக்களோ இப்பிராணியை ‘ஹிர்பா’ என்றழைத்து, வேறொரு கோணத்தில் நோக்கினர். ஒரு கிளையை உறுதியாகப் பற்றிய பின்னரே மற்றொன்றை விடும் அதன் இயல்பைக் கண்டு, முன்யோசனை மிக்கவனை ‘ஹிர்பாவினும் எச்சரிக்கையானவன்’ எனப் பழமொழியாக்கினர். 1405இல் மறைந்த எகிப்திய அறிஞர் தமீரீ, தமது ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் இதனையும் ஒரு தலைப்பாக அமைத்துள்ளார். ஏட்டில் பயின்ற ஹிர்பாவை அருகிருந்து காணும் வாய்ப்பு, 2023ஆம் ஆண்டுக் கோடையில்தான் எமக்குக் கிட்டியது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வாழும் எம் தங்கையின் இல்லத்தில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். அவருடைய பன்னிரண்டு வயது மகன், யமன் நாட்டையும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியையும் தாயகமாகக் கொண்ட பச்சோந்தி இனத்தில் ஒன்றை வளர்க்கிறான். காட்டில் பிடித்து வந்ததன்று. வளர்ப்பவரிடத்திலேயே முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு. யாம் சென்றபோது அது வீட்டுக்கு வந்து மூன்று நாளே ஆகியிருந்தது. கூண்டினுள் இலையடர்ந்த செடிகள். வெயிலுக்கு ஈடாக ஒரு வெப்ப விளக்கு. எலும்பு வலுப்பெறப் புற ஊதாக் கதிர் தரும் மற்றொரு விளக்கு. கிண்ணத்து நீரை அது நாடுவதில்லை. இலைமேல் தெளித்த துளிகளையே பருகுகிறது.

பையனோ அதைக் கையில் ஏந்தத் துடித்தான். மேலிருந்து கையை நீட்டினான். அது உடலைத் தட்டையாக்கி, கருத்து, வாய் பிளந்து சீறியது. “மாமா, இதுக்கு என்னைப் பிடிக்கவே இல்லை” என்று எம்மிடம் வந்து நின்றான்.

மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்தே என்பதை விற்றவர் தந்த குறிப்புத்தாள் விளக்கியது. முதல் இரண்டு வாரம் தொடவே கூடாது என்றும் அதில் கண்டிருந்தது. ஆகவே நாள்தோறும் ஒரே வேளையில், கூண்டுக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்து பாடம் படிக்கலானான். மூன்றாம் வாரம் விரல் நுனியில் ஒரு வெட்டுக்கிளியை ஏந்திக் காத்திருந்தான். ஐந்து நாள் அது திரும்பியும் பார்க்கவில்லை. ஆறாம் நாள் ஒரு கண் அவன்மீதும் மறுகண் இரைமீதும் சுழன்றன, பின்னர் இரு கண்ணும் இரையில் நிலைத்தன, நாக்கு பாய்ந்தது! பையன் மூச்சுவிடவும் மறந்திருந்தான்.

அதன்பின் கையைக் கிளையாக்கக் கற்றான். கழுவிய கையை முன்புறமாக, அதன் மார்புக்குக் கீழே அசையாது நீட்டுவான். இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த விரல்களால் அது தானே பற்றி ஏறவேண்டும். கிளையைப் பற்றியிருப்பதை இழுத்துப் பிரித்தால் காலுக்கு ஊறு நேரும். ஏறினால் சில நிமிடம். முகம் திருப்பினால் அன்று அவ்வளவே. இறக்கிவிட்டபின் மீண்டும் கைகழுவுவான். ஊர்வன வழியே நோய்க்கிருமி பரவக்கூடும்.

நிறம் மாறுவது வஞ்சகமன்று என்பதும் அப்போது விளங்கிற்று. மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழக அறிஞர்கள், தோலின் உயிரணுக்களிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி விரிவதும் சுருங்குவதுமே நிறமாற்றத்துக்குக் காரணம் என 2015இல் வெளியிட்டனர். அச்சம், சினம், வெப்பம் ஆகியவற்றுக்கேற்பவே பெரிதும் நிறம் மாறுகிறது. உள்ளத்தை மறைப்பவனுக்கு நாம் எதன் பெயரை வைத்தோமோ, அதற்கு உள்ளத்தை மறைக்கவே தெரியாது!

யாம் புறப்படும் முன்வந்த ஞாயிறன்று அவனுடைய தோழர் நால்வர் வந்தனர். கையில் ஏந்திக் காட்டுவதாக முன்னமே வாக்களித்திருந்தான். கூச்சல் கேட்ட பிராணி கருத்து, இலைக்குப் பின்னே ஒதுங்கிற்று. பையன் கூண்டுக் கதவில் கைவைத்தான், பார்த்தான், கையை எடுத்துவிட்டான். “இன்னைக்கு வேண்டாம், அது பயந்திருக்கு” என்றான். ஒருவன் ஏளனமாய்ச் சிரித்தான். பையனின் முகம் சிவந்தது; ஆயினும் கதவைத் திறக்கவில்லை.

அன்றிரவு, “மாமா, அதுக்கு என்மேல பாசம் இருக்கா?” என்று கேட்டான். “அச்சம் இல்லை, தம்பி. அதுவே அது தரக்கூடிய பெரிய கொடை” என்றோம். வகுப்பறையில் பல்லாண்டு கழித்த எமக்கு அந்த வேறுபாடு புதிதன்று. பிரம்பைக் கண்டு ஒடுங்கும் பிள்ளையின் மௌனத்தை மரியாதை எனக் கொள்வாரும் உளர். அஞ்சாத பிள்ளையே ஐயம் கேட்கும். ஐயம் கேட்கும் பிள்ளையே கற்கும்.

நம் ஊர் வேலிகளிலும் பச்சோந்தி உண்டு. அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நம் பிள்ளைகள் அதற்குக் கிளையாகக் கையை நீட்ட வேண்டியதில்லை. அதற்குக் கிளை இருக்கிறது. கல்லெடுத்த கையைத் தாழ்த்திவிட்டு, அது அடுத்த கிளையைப் பற்றும்வரை நின்று பார்த்தால் போதும்.