ஐந்து கிராமுக்கு ஒரு ராட்

"அண்ணே, ஒரே ஒரு ராட்தான் வாங்கப் போறேன். எல்லாத்துக்கும் ஆகணும். எதை வாங்கட்டும்?"

டாலஸ் பக்கம் குடியேறி, பாஸ் மீன் பிடிக்கும் ஆசை வந்த நம்மவர்கள் ஏதாவது ஒரு சனிக்கிழமை இந்தக் கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்க டப்பால இருக்கறதுலயே ரொம்ப லேசான இரை எது? அது எத்தனை கிராம்?" அநேகமாகப் பதில் வராது. ராட், அதாவது தூண்டில் கோல், வாங்குகிறவர்கள் நீளத்தைப் பார்க்கிறார்கள், பிராண்டைப் பார்க்கிறார்கள், கைப்பிடியின் கார்க்கைத் தடவிப் பார்க்கிறார்கள். அந்த ராட் எதை எறியப் போகிறது என்பதை மட்டும் கடைசிவரை யோசிப்பதில்லை. லேசான பெய்ட்காஸ்டிங் ராட் விஷயத்தில் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

டெக்சாஸில் பாஸ் என்றால் பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ். பெரிய வாய், முன்கோபம், மறைந்திருந்து பாயும் குணம். இதைப் பிடிக்கும் பழைய வழி முரட்டுத்தனமானது: தடித்த தூண்டில் நரம்பு, அரை அவுன்ஸுக்கு மேற்பட்ட ஈயம், தோள் வலிக்க ஒரு வெட்டு இழுப்பு. ஆனால் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் குளங்களிலும், வார இறுதியில் படகுகள் வரிசைகட்டும் ஏரிகளிலும் அந்த வழி சீக்கிரம் பலனற்றுப் போகிறது. இங்கே பிடித்த மீனைத் திரும்ப விடுவதுதான் பெரும்பாலோர் பழக்கம். விடப்பட்ட மீன் ஒரு பாடம் கற்றுக்கொண்டுதான் தண்ணீருக்குள் போகிறது. அடுத்த வாரம் அதே சத்தம், அதே பளபளப்பு வந்தால் அது திரும்பியும் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்ட மீனுக்காகப் பிறந்ததுதான் ஃபினெஸ். சிறிய பிளாஸ்டிக் புழு, மெல்லிய நரம்பு, மெல்லிய கம்பியில் செய்த முள், அவசரமில்லாத கை. கான்சாஸைச் சேர்ந்த நெட் கெடி என்ற மீன்பிடி எழுத்தாளரின் பெயரில் 'நெட் ரிக்' என்று ஒன்று உண்டு. காளான் தலை போன்ற சிறு ஈயத்தில் விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு ரப்பர்த் துண்டு. பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் வேறு எதற்கும் அசையாத மீன் அதற்கு அசையும். ஈயம் கீழே, முள் மேலே என்று கட்டும் 'டிராப் ஷாட்' ஜப்பானிலிருந்து கலிபோர்னியா வழியாக அமெரிக்கா முழுக்கப் பரவியது.

சின்ன இரைக்குச் சின்ன மீன்தானே வரும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல டெக்சாஸிலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்த மாநிலத்தின் லார்ஜ்மவுத் சாதனை 18.18 பவுண்டு, அதாவது எட்டேகால் கிலோ. 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க் ஏரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்தது. அவர் அன்று பாஸுக்காகப் போகவில்லை. கிராப்பி என்னும் உள்ளங்கை அகல மீனுக்காகச் சிறு கெண்டைக்குஞ்சு அளவிலான இரை போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாதனை முப்பது ஆண்டுகளைத் தாண்டி நின்றது.

இன்னொரு பக்கம், ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பாங்கான பகுதியில் ஓடும் ஆறுகளில் குவாடலூப் பாஸ் இருக்கிறது. 1989 முதல் டெக்சாஸின் மாநில மீன் அதுதான். ஓட்டத்தில் வாழ்வதால் உடம்பு சிறியது. ஒரு கிலோ எடையுள்ளது கிடைத்தாலே பெரிய மீன். முழங்கால் தண்ணீரில் நடந்தபடி, கூழாங்கல் தெரியும் தெளிவில், கரை மரத்தின் வேருக்கடியில் சத்தமில்லாமல் இரையை இறக்க வேண்டும். கனமான ராட் அங்கே வெறும் சுமை.

லேசான இரை என்றால் ஸ்பின்னிங் ரீல் என்பது நெடுநாள் வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றிய உருளை, அசையாது. நரம்பு அதன் விளிம்பிலிருந்து வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். இரண்டு கிராம் இரைகூட அதை இழுத்துச் சென்றுவிடும். பெய்ட்காஸ்டிங் ரீலான பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழல வேண்டும். நின்றிருக்கும் ஸ்பூலை எழுப்பிச் சுழற்றும் வேலையையும் பறக்கும் இரைதான் செய்கிறது. போகப்போக இரையின் வேகம் குறையும். ஸ்பூலின் வேகம் அதே அளவுக்குக் குறையாது. சென்னை மொட்டைமாடிகளில் காத்தாடி விட்டவர்களுக்கு இது புரியும்: காத்தாடி தளர்ந்த பிறகும் லொட்டாய் சுற்றிக்கொண்டே இருந்தால் நூல் என்ன கதியாகும்? அதே கதிதான் இங்கே நரம்புக்கும். மீன்பிடிப்பவர்கள் அதைப் பேக்லாஷ் என்பார்கள். இரை லேசாக லேசாக இந்த ஆபத்து கூடும்.

இருந்தும் பெய்ட்காஸ்டரை விடாமல் பிடித்துக்கொள்பவர்களுக்குக் காரணம் கட்டைவிரல். சுழலும் ஸ்பூலின் மேலேயே அது இருக்கிறது. படகுத்துறையின் இரண்டு தூண்களுக்கு நடுவே இரை போய்ச் சேரும் நொடியில் விரலை லேசாக அழுத்தினால், இரை தன் வேகத்தை இழந்து மெதுவாக நீரில் இறங்கும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை எறிந்தாலும் நரம்பு முறுக்கிக்கொள்ளாது. மரக்கிளைகளுக்கு நடுவே மீன் மாட்டினால், எட்டு பவுண்டு இழுவை தாங்கும் நரம்பை வைத்துக்கொண்டே அதைத் திருப்பி இழுக்கும் துணிச்சல் வரும்.

இந்த இரண்டையும், அதாவது ஃபினெஸின் லேசையும் பெய்ட்காஸ்டரின் கட்டுப்பாட்டையும், சேர்த்துவைத்தவர்கள் ஜப்பானியர்கள். அங்கே பாஸ் ஓர் அந்நிய மீன். 1925இல் அகாபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஹகோனேயின் ஆஷி ஏரியில் விட்டார். 2005இல் அதே மீனை ஊடுருவும் அந்நிய உயிரினம் என்று ஜப்பானியச் சட்டம் பட்டியலிட்டது. ஒருபுறம் விரட்டப்பட வேண்டிய மீன்; மறுபுறம் உலகிலேயே நுட்பமான பாஸ் கருவிகள் அந்த நாட்டிலிருந்துதான் வருகின்றன. 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் உலகச் சாதனைக்குச் சமமான மீனை, 2009 ஜூலையில் பிவா ஏரியில் குரிதா மனாபு பிடித்தார். சிறிய நாடு, நெருக்கடியான ஏரிகள், எல்லாவற்றையும் பார்த்துவிட்ட மீன்கள். 'பெய்ட் ஃபினெஸ்' அந்தச் சூழலில் வளர்ந்தது. ஆழமில்லாத, எடை குறைந்த ஸ்பூல். அதில் எட்டு பவுண்டு நரம்பு சுமார் 45 மீட்டர் மட்டும். நரம்புக்கும் எடை உண்டு, அதையும் சேர்த்துத்தான் இரை சுழற்ற வேண்டும் என்பதால் அந்தச் சிக்கனம்.

இனி ராடுக்கு வருவோம். ரீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ராட் வளையாவிட்டால் ஒன்றும் நடக்காது. கையைப் பின்னால் கொண்டுபோகும்போது இரையின் எடையால் நுனி வளைய வேண்டும். முன்னால் வரும்போது அந்த வளைவு நிமிர்ந்து இரையைத் தள்ள வேண்டும். விறைத்த ராடில் ஐந்து கிராம் இரை நுனியை அசைப்பதே இல்லை. அப்போது நாம் என்ன செய்கிறோம்? கையால் வெடுக்கென்று வீசுகிறோம். ஸ்பூல் திடீரென்று கிளம்புகிறது, இரை பின்தங்குகிறது, நரம்பு சிக்குகிறது. பழி ரீலின் மேல் விழுகிறது. நான் பார்த்தவரை, புதியவர்களின் பேக்லாஷில் பெரும்பங்கு ராடின் விறைப்பினால் வருவது.

கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 'மீடியம் லைட், ஃபாஸ்ட், 1/8–1/2 அவுன்ஸ், 6–12 பவுண்டு' என்று அமெரிக்க ராட் சொல்லும். ஜப்பானிய ராட் '68L' என்று சுருக்கமாக நிறுத்திக்கொள்ளும்: 6 அடி 8 அங்குலம், லைட். 'மீடியம் லைட்', 'லைட்' போன்ற சொல் வலிமை, எவ்வளவு சுமை தாங்கும் என்பது. 'ஃபாஸ்ட்' என்பது எங்கே வளையும் என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி, மாடரேட் என்றால் நடுவரை. வலிமைக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் லைட் இன்னொரு கம்பெனியின் மீடியமாக இருக்கும். ஆகவே சொல்லை விட்டுவிட்டு, எடை எண்ணைப் பிடித்துக்கொள்வதே பத்திரம்.

அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1/8–1/2 அவுன்ஸ் என்றால் மூன்றரை கிராம் முதல் பதினான்கு கிராம் வரை. இரண்டு ஓரங்களிலும் ராட் சமாளிக்கும், அவ்வளவுதான். அது மனசார வேலை செய்வது நடுவில், ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்து கிராமுக்குள். நீங்கள் அதிகம் எறிவது அந்த நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். ஈயத்தின் எடையை மட்டும் கணக்கில் எடுப்பதும் போதாது; முள்ளும் ரப்பர்ப் புழுவும் சேர்ந்ததுதான் எடை. சென்கோ என்னும் ஐந்து அங்குல ரப்பர்ப் புழுவை ஈயமே இல்லாமல் கட்டினாலும் ஒன்பது கிராமைத் தொடும். பார்க்க லேசு, எறிய எளிது. நெட் ரிக்கோ முழுவதும் சேர்ந்தே நான்கு கிராமுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

முள் ஏற்றும் விதமும் வலிமையைத் தீர்மானிக்கிறது. நெட் ரிக், டிராப் ஷாட், நடுவில் குத்திய வாக்கி ரிக் ஆகியவற்றில் முள்முனை வெளியே இருக்கும். மீன் கவ்வியதும் ராடைப் பக்கவாட்டில் சாய்த்து ரீலைச் சுற்றினாலே ஏறிவிடும். மென்மையான ராட் போதும். டெக்சாஸ் ரிக்கில் முனை புழுவுக்குள் ஒளிந்திருக்கும். புழுவைத் துளைத்து மீனின் வாயையும் துளைக்க வேண்டுமானால், நுனிக்குக் கீழே முதுகெலும்பு வேண்டும். அதனால்தான் நுனி மெலிந்து, பாதிக்குக் கீழே சட்டென்று உறுதியாகும் ராடுகளை நான் விரும்புகிறேன். மெல்லிய கம்பி முள்ளைப் போட்டால் அந்த ராடிலேயே டெக்சாஸ் ரிக்கும் ஓடும்.

நீளம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆற்றுக்குள் மரக்கிளைகளுக்குக் கீழே நடப்பவருக்கு ஆறரை அடி. படகிலும் திறந்த கரையிலும் ஏழு அடி. தூரம் போகும், தளர்ந்த நரம்பைச் சீக்கிரம் வாரிக்கொள்ளும். இரண்டுக்கும் போகிறவருக்கு 6 அடி 8 அங்குலமோ 6 அடி 10 அங்குலமோ சரி. ராட் செய்யும் கார்பனின் டன் கணக்கைப் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். எண் கூடினால் எடை குறையும், கூருணர்வு கூடும், கல்லில் மோதினால் உடையும் வாய்ப்பும் கூடும். அதைவிட, உங்கள் ரீலையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கினால் நுனி தலைசாய்ந்து விழாமல் நிற்க வேண்டும். நுனி கனத்த ராட் மதியத்துக்குள் மணிக்கட்டைத் தின்றுவிடும்.

ஆக, எல்லாத்துக்கும் ஆகும் ராட் என்று ஒன்று இல்லை. எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கிய ராட் உண்டு. கடைசியில் பல வேலைக்கும் உதவுவது அதுதான். மூன்று கிராமுக்குக் கீழே போனால் ஸ்பின்னிங்கிடம் கொடுத்துவிட வேண்டும். எதிர்காற்று அடிக்கும் நாளிலும் அப்படியே. அரை அவுன்ஸுக்கு மேலே உள்ள ஜிக், தவளை வடிவ இரை, அடர்ந்த பாசி எல்லாம் கனமான ராடின் சாம்ராஜ்யம். இடையில் கிடக்கும் அந்தப் பத்து கிராம் அகலத்தில்தான் என் டப்பாவின் முக்கால்வாசி இரைகள் இருக்கின்றன. உங்களுடையதும் அப்படியே இருக்கக்கூடும்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 6 அடி 10 அங்குலம், மீடியம் லைட், ஃபாஸ்ட், 1/8–1/2 அவுன்ஸ். எட்டு பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. நைலானைவிடத் தண்ணீரில் குறைவாகத் தெரியும், தானே மூழ்கும். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை லேசான ஸ்பூல் உள்ள ரீலுக்குக் கொடுங்கள். நடுத்தர விலை ராட் போதும். கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசை எடுத்து, உங்கள் இரைகளை முள்ளோடும் ஈயத்தோடும் ஒவ்வொன்றாக வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராட் பாருங்கள்.