ரப்பர் செருப்பும் பித்தளைப் பைப்பும்

பட்டிப்பொல

அடியே குண்டம்மா,

ஒன் கடுதாசி வந்து ரெண்டு வாரமாச்சு. கோவிச்சுக்காத. பாத்ரூம் பைப்பு பண்ணுன கூத்துல பேனாவத் தொடவே நேரமில்ல. வெள்ளவத்தையில வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருக்கற ஒனக்கு இது சிரிப்பாத்தான் இருக்கும்.

எங்க வீட்டுப் பித்தளைப் பைப்பு ஞாபகமிருக்கா? மாமனாரு காலத்துல போட்டது. நீ வந்திருந்தப்போ சில்லுன்னு இருக்குன்னு சீலை முந்தானையால பிடிச்சுத் தெறந்தியே, அதேதான். தீபாவளி முடிஞ்சதும் சொட்ட ஆரம்பிச்சிருச்சு. ராத்திரி வாளிய வச்சா விடியறப்ப பாதி வாளி நெறஞ்சிருக்கும்.

எங்க வீட்டுக்காரரு வைத்தியம்தான் ஒனக்குத் தெரியுமே, இறுக்கறது. சொட்டுனா இறுக்கு, இன்னும் சொட்டுனா இன்னும் இறுக்கு. உள்ள இருந்த வாஷர் நசுங்கி மாவாகிப்போச்சு. சொட்டிக்கிட்டிருந்த பைப்பு அதுக்கப்புறம் ஓட ஆரம்பிச்சது. "எங்க காலத்துல பீலித் தண்ணிக்கு யாரு வாஷர் போட்டா"ன்னு அத்தை ஒரு பக்கம்.

மறுநாளே மனுசன் நுவரெலியாவுக்கு பஸ் ஏறிப் போயி வெள்ளை வெளேர்னு ஒரு பிளாஸ்டிக் பைப்ப வாங்கிட்டு வந்துட்டாரு. பழசத் தூக்கிப் போடச் சொன்னாரு. அத்தை அத ஒரு துணியில சுத்தி கட்டிலுக்கு அடியில வச்சுக்கிச்சு. பித்தளையாம், எடை இருக்காம்.

ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. தை மாசப் பனிதான் தெரியுமே ஒனக்கு. இலங்கையிலயே உசரமான ரயில்வே ஸ்டேஷன் நம்ம ஊருலதான, 1,891 மீட்டரு. அம்பேவெல பக்கம் புல்லெல்லாம் உப்பக் கொட்டுன மாதிரி வெளுத்துக் கெடந்த ஒரு நாளு, வெள்ளன நாலரை மணிக்கு பாத்ரூமுக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். பைப்பு கழுத்தோட ஒடிஞ்சு எதிர்ச் சுவத்தோரமாக் கெடக்கு. தண்ணி பீச்சி அடிக்குது. வீட்டுக்காரரு சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு கட்டைவிரலால ஓட்டைய அமுக்கிக்கிட்டு நிக்கறாரு. பல்லு தந்தியடிக்குது. அந்த நெலமையிலயும் என்னையத்தான் திட்டறாரு!

வீட்டுக்குன்னு தனி வால்வு கெடையாது. மேட்டுல இருக்கற தொட்டிய அடைச்சா மொத்த லயத்துக்கும் தண்ணி நிக்கும். மகன் டோர்ச்ச எடுத்துக்கிட்டு ஓடிப்போயி அடைச்சான். தோட்ட வேலைக்குப் பெரட்டுக்குப் போற நேரம் பாரு, பதினோரு வீட்டுக்கும் தண்ணியில்ல. கடைசிக் காம்பரா அக்கா தலையெல்லாம் சவர்க்கார நுரையோட எங்க வாசல்ல வந்து நின்னு கேட்ட கேள்விய எல்லாம் எழுத ஏலாது. அன்னையில இருந்து பேச்சு வார்த்தை இல்ல. அடுத்த மாசம் அது மகளுக்குக் கல்யாணம் வேற. பத்திரிகை வைக்குமோ என்னமோ.

பைப்பு வேலை பாக்கற பாஸ் பத்து மணிக்கு வந்தாரு. ஒடிஞ்ச திரெட்டு சுவத்துக்குள்ள மாட்டிக்கிட்டு வரவே இல்ல. குசினிக் கத்திய அடுப்புல பழுக்கக் காய்ச்சி, அந்த பிளாஸ்டிக் வளையத்துல அழுத்தி வச்சாரு. கொஞ்சம் ஆறவிட்டு இடது பக்கமா மெதுவாத் திருப்புனாரு. சொத்தைப் பல்லு மாதிரி கழண்டு வந்துச்சு. நாத்தம் இன்னும் போகல.

"குளிருல பிளாஸ்டிக்கு வெறச்சுப் போகும். ராத்திரி யாரும் தண்ணி எடுக்க மாட்டாங்க, அமுக்கம் பூரா பைப்பு மேலதான்"னாரு. தொட்டி நம்ம வீட்ட விட 50 மீட்டராவது மேல இருக்காம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அமுக்கமாம். அப்புறம், "பழைய பைப்பு எங்க?"ன்னு கேட்டாரு. அத்தை மொகத்த நீ பாத்திருக்கணும்!

கட்டிலுக்கு அடியில இருந்து வந்த பைப்பப் பிரிச்சு, சின்ன விரல உள்ள விட்டுத் தடவிப் பாத்தாரு. வாஷர் ஒக்காருற விளிம்பு வழவழன்னு நல்லாத்தான் இருக்காம். வாஷர் மட்டும் வேணும், அது கையில இல்ல. மகனோட அறுந்துபோன ரப்பர் செருப்புக் குதியில வட்டமா ஒரு துண்டு வெட்டி, நடுவுல ஆணியால ஓட்டை போட்டு மாட்டிட்டாரு. திரெட் டேப்ப பத்துப் பன்னெண்டு சுத்து சுத்தி முடுக்கிட்டு, தொட்டியத் தெறக்கச் சொன்னாரு. பைப்பு ரெண்டு தரம் இருமிச்சு, செம்மண் தண்ணி வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சிருச்சு. மூடுனா ஒரு சொட்டு கூட இல்ல!

மகன் போன்ல தேடிப் பாத்துட்டு, இந்த மாதிரி திருகி மூடற பைப்ப இங்கிலாந்துல ரொதர்ஹம்ங்கற ஊருல 1845லயே செஞ்சுட்டாங்கன்னான். ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துரவுல தேயிலை போட்டது 1867லதான். அப்போ பைப்பு அந்தத் தேயிலைக்கும் மூத்ததாடி? அத்தைக்கிட்ட சொன்னேன். "அதான் ஒழைக்குது"ன்னுச்சு.

வீட்டுக்குத் தனியா ஒரு கேட் வால்வு வாங்கி வச்சாச்சு. அடுத்த சம்பளத்துக்கு பாஸக் கூப்பிடணும்.

நேத்து சாயங்காலம் வாசல்ல ஆள் சத்தம். எட்டிப் பாத்தா கடைசிக் காம்பரா அக்கா. கையில பத்திரிகை இல்ல. அது வீட்டுப் பைப்பும் சொட்டுதாம். மகனோட இன்னொரு செருப்பு இருக்கான்னு கேட்டுச்சு.

இப்படிக்கு
ஒன் பட்டிப்பொலக்காரி