மாரடைப்பும் கிழியும் இதயமும்



பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எங்களுடையது. எழுபது வயதான என் அத்தைக்கு ஓர் இரவு நெஞ்சு வலித்தது. "வாயுதான், விடிந்தால் சரியாகிவிடும்" என்று சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்தார். மூன்றாம் நாள் கோவைக்குக் கொண்டுசென்றபோது, இதயத்தின் நடுச்சுவர் கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். அறுவைக்குப் பின் அத்தை கண் விழிக்கவில்லை.

இதயம் கிழியுமா? கிழியும். குருதிக் குழாய் அடைபட்டதும் இதயத்தசை மடிகிறது. மடிந்த தசை முதல் வாரத்தில் நைந்த துணிபோலாகிறது. அது உறுதியான தழும்பாகப் பல வாரங்கள் செல்லும். அதற்குள் சுவர் கிழியக்கூடும். முதியோர், பெண்கள், முதன்முறை மாரடைப்புற்றோர், காலந்தாழ்த்தி வந்தோர் ஆகியோருக்கே இடர் மிகுதி. அடைப்பைக் கரைக்கும் மருந்து பெற்ற 41,021 பேரை ஆராய்ந்ததில் 84 பேருக்கே நடுச்சுவர் கிழிந்தது. அரிதுதான், ஆயினும் அவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் 30 நாளுக்குள் மாண்டனர்.

அறுவை காப்பாற்றாதா? 2012-இல் வெளியான அமெரிக்கப் பதிவேட்டுக் கணக்கின்படி, அறுவை பெற்ற 2,876 பேரில் 42.9 விழுக்காட்டினர் இறந்தனர். மாரடைப்புற்ற 7 நாளுக்குள் அறுவை பெற்றோரில் 54.1 விழுக்காடு, அதன்பின் பெற்றோரில் 18.4 விழுக்காடு. அப்படியானால் காத்திருப்பதே நன்று எனலாமா? புள்ளியியல் பயிலும் நான் அங்கேதான் தயங்குகிறேன். காத்திருக்கையில் இறந்தோர் இக்கணக்கில் இல்லையே! தாக்குப்பிடித்தோர் மட்டுமே எண்ணப்பட்டனர். எனினும் நைந்த தசையில் தையல் நிற்பதில்லை என்பதும் மெய். அறுவை மருத்துவர் இவ்விரு இக்கட்டுகளுக்கு நடுவே நிற்கிறார்.

ஆகவே வெற்றி அறுவைக் கூடத்தில் அன்று, முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது. சிற்றூர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நடந்த திட்டமொன்றின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. 2,420 நோயாளிகளிடை, ஓராண்டு இறப்பு 17.6-இலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. விரைவு உயிர் காக்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

தோழர்களே, நம் வீட்டுப் பெண்கள் தம் வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமெனத் தள்ளிவைப்பவர்கள். நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ முதுகிலோ வலி, மூச்சுத்திணறல், வியர்வை கண்டால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள்!