டாய்லெட் கிளீனர்... எது பெஸ்ட்? அத்தையின் இருமல் சொன்ன பதில்!

``ஆசிட், பினாயில், ப்ளீச்சிங் பவுடரேய்...''

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை இந்தக் குரல் வந்துவிடும். டி.வி.எஸ் வண்டியின் இரண்டு பக்கமும் கேன்கள் தொங்கும். காலி வாட்டர் பாட்டிலை நீட்டினால், கேட்டதை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். கடையில் விற்கும் நீல பாட்டிலைவிட விலை குறைவு. மாசக் கடைசியில் வேறென்ன வேண்டும்?

திருவள்ளூரில் இருந்தவரை எனக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. கணவருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்து இங்கே வாடகை வீட்டுக்கு வந்த பிறகுதான் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டு ஆரம்பமானது. பக்கெட், குழாய், டைல்ஸ் என எல்லாவற்றிலும் வெள்ளைப் படலம். டாய்லெட் பேசினிலோ கல் மாதிரி இறுகி, அதன்மேல் பழுப்புக் கோடுகள் வேறு. யாராவது விருந்தாளி ``பாத்ரூம் எங்கே?'' என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதலில் ப்ளீச்சிங் பவுடர் தூவிப் பார்த்தேன். நாற்றம் போனது, கறை போகவில்லை. அடுத்து பினாயில் ஊற்றினேன். வீடே மணத்தது, கறை அப்படியே சிரித்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்ததில் பேசினின் பளபளப்புதான் போனது. சொரசொரப்பான இடத்தில் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் கறை பிடித்தது.

கடைசியில் வண்டிக்காரரிடம் ஆசிட் வாங்கினேன். ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு பொங்கியது. பேசின் வெள்ளையாகிவிட்டது. கூடவே டைல்ஸ் இடுக்கில் இருந்த சிமென்ட்டும் கரைந்துபோனது. பக்கத்துக் குழாயின் பளபளப்பும் போய்விட்டது. ஆனாலும், `கறை போச்சே' என்று அதையே தொடர்ந்து வாங்கினேன். மிச்சத்தை வாட்டர் பாட்டிலிலேயே ப்ளீச்சிங் பவுடர் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அது போகிப் பண்டிகைக்கு முந்தைய நாள். மறுநாள் நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ``மருமக தனியா எவ்ளோ வேலைதான் செய்வா'' என்று அத்தை டாய்லெட் கழுவ இறங்கிவிட்டார். ஆசிட்டை ஊற்றி, அதன் மேலேயே ப்ளீச்சிங் பவுடரையும் அள்ளிப் போட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு சுத்தம் என்பது அவர் கணக்கு. நெடி சாமி ரூமுக்கு வரக் கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது அத்தை பின்வாசல் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. பேச வாயெடுத்தால் இருமல். ``ஒண்ணுமில்ல கண்ணு'' என்று சொல்வதற்குள் நாலு முறை இருமினார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரின் முதல் கேள்வியே, ``எதை எதோட கலந்தீங்க?'' என்பதுதான். ஆக்ஸிஜன் வைத்து, ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு ஓடிவந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ``எங்க கம்பெனியில ஆசிட் டிரம்மையும் ஹைப்போ டிரம்மையும் ஒரே ரூம்ல வைக்கவே விடமாட்டாங்க. வந்து சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தாங்க. அதை நான் வீட்ல வந்து சொல்லாம விட்டுட்டேனே...'' என்றார்.

ப்ளீச்சிங் பவுடரும், அவர்கள் `ஹைப்போ' என்று சொல்லும் ப்ளீச் திரவமும் ஒரே வகை. இவற்றில் எதனுடன் ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள்மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையை ஒட்டியே தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் முகமும் அதே உயரத்தில்தானே இருக்கிறது! ஜன்னல் இல்லாத சின்ன டாய்லெட் என்றால் கேட்கவே வேண்டாம்.

கடையில் வாங்கும் நீல நிற டாய்லெட் கிளீனரில் இருப்பதும் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான். சுமார் 10 சதவிகித அளவில், வழவழப்பாக்கிக் கொடுக்கிறார்கள். அதனால் அதையும் ப்ளீச்சுடன் சேர்க்கக் கூடாது. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இத்தனை வருடம் நான் அதைப் படித்ததே இல்லை.

அப்படியானால் எதுதான் பெஸ்ட்? முதலில் பார்க்க வேண்டியது கறையைத்தான்.

வெள்ளையாக இறுகியிருந்தால் அது தண்ணீரின் உப்பு. அதற்குப் புளிப்புதான் மருந்து. பித்தளைக் குடத்துக்கு நம் பாட்டி புளி போட்டுத் தேய்த்தாரே, அந்தக் கணக்குதான். லேசான படலத்துக்கு மளிகைக்கடை எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ராத்திரி முழுக்க விட்டாலே போதும். இறுகிய கறைக்கும் பழுப்புக் கோட்டுக்கும் லேபிள் ஒட்டிய டாய்லெட் கிளீனர். வழவழப்பாக இருப்பதால் பேசினின் விளிம்புக்கு அடியிலும் வழியாமல் ஒட்டிக்கொள்ளும். 20 நிமிடம் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் வேலை முடிந்தது. ஊற்றிய உடனே தண்ணீர் விட்டால் காசும் சேர்ந்தே போகும்!

கறை இல்லை, வீட்டில் யாருக்கோ வயிற்றுப்போக்கு, கிருமி பயம் என்றால் ப்ளீச். அதுவும் தனியாக, வேறொரு நாளில், முதலில் நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு. சிறுநீர் தேங்கிய இடத்தில் ப்ளீச் பட்டாலும் மூச்சை அடைக்கும் நெடி கிளம்பும். மற்ற நாள்களுக்கு சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் `வினிகர் பிளஸ் சமையல் சோடா' நன்றாகப் பொங்கும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் கறைக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

எங்களைப் போல செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொட்டிக்குள் கழிவைச் செரிப்பதே பாக்டீரியாதான். தினமும் ஆசிட்டும் பினாயிலும் ஊற்றினால் அவை சாகும், தொட்டி சீக்கிரம் நிறையும், லாரிக்குக் கூடுதல் செலவு.

வண்டி ஆசிட்டை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம். எத்தனை சதவிகிதம் என்று கேனில் எழுதியிருக்காது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில், 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் விவரத்தைக் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நான் அதே ஆசிட்டைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாட்டர் பாட்டிலில் அல்லவா வைத்திருந்தேன்!

ஒருவேளை நெடி கிளம்பிவிட்டால், `மிச்சத்தைக் கழுவிவிட்டு வருகிறேன்' என்று நிற்காதீர்கள். உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். கண் எரிந்தால் நல்ல தண்ணீரால் தொடர்ந்து கழுவுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். என்னென்ன கலந்தது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பொங்கலன்று வந்த நாத்தனார் என் டாய்லெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்காக அந்த வெள்ளைப் பளபளப்பு என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது எங்கள் வீட்டில் டாய்லெட் கிளீனர் பாத்ரூம் ஷெல்ஃபின் மேல்தட்டில். ப்ளீச்சிங் பவுடர் கொல்லைப்புற அலமாரியில், பூட்டுக்குள். சாவி அத்தையிடம்! போன வாரம் பக்கத்து வீட்டு மருமகள் இரண்டு பாக்கெட்டையும் ஒரே பையில் வாங்கிவர, அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். ``அதையும் இதையும் ஒண்ணா வைக்காத கண்ணு. நான் பட்டது போதும்.''

உங்கள் வீட்டில் அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன? இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்களேன்!