கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருந்தது. அதில் எப்பொழுதும் ரோத்தான் தொங்கும். மளிகைக் கடையில் வண்ணக் கைப்பிடியோடு கட்டாக விற்பார்களே, அதுதான். தோட்டத்தில் வளர்ந்த நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தானா ராத்தாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து வெட்டினார். பெட்டி பொருத்திய கத்தரி, முதுகில் கூடை, கிலோ கணக்கில் கூலி. மழையிலும் மலைச்சரிவில் நிற்க வேண்டும். வீடு திரும்பினால் சமையல், துணி, பிள்ளைகள் நாங்கள் மூவர். லோரி ஓட்டப் போன அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் வருவார்.

2000-இல் நான் நான்காம் ஆண்டு. வெள்ளைக் காலணியைப் பனியில் நனைய விட்டுவிட்டேன். அந்தக் குளிரில் காலணி காய இரண்டு நாளாகும். கெண்டைக்காலில் நான்கு அடி விழுந்தது. அடித்து முடித்த அம்மா அடுப்படியில் அமர்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியைவிட அந்த முகம்தான் என்னைப் பயமுறுத்தியது.

சென்ற ஆண்டு, வேலை முடிந்து வந்த ஒரு மாலையில், என் மகளை நோக்கி என் கை ஓங்கியது. அன்றும் காரணம் காலணிதான்.

அந்த இரவு தூக்கம் வராமல் தேடித் தேடிப் படித்தேன். பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் இசபெல் ரொஸ்காம், மொய்ரா மிகோலாய்சாக் ஆகியோர் பெற்றோரின் களைப்பையே ஆராய்ந்திருக்கிறார்கள். உடலும் மனமும் வற்றிப்போவது, பிள்ளையிடமிருந்து மனத்தால் விலகுவது, 'முன்பு நான் இப்படி இல்லையே' என்ற உறுத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த நிலை முற்றினால் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதும் கைநீட்டுவதும் கூடுகின்றன என்று கண்டார்கள். 2020-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு என்னை நிறுத்தி வைத்தது. அதில் சில குழுக்களுக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்தார்கள். மற்றக் குழுக்களில் பெற்றோரைப் பேசவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்கள். இரண்டிலுமே களைப்பு குறைந்தது!

'மனத்திண்மைப் பயிற்சி' என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கிலோ கணக்குக் கூலியை அப்படியே வைத்துக்கொண்டு, தாயை மட்டும் இன்னும் தாங்கிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்? ஆனாலும் ஒன்று பிடித்தது. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சில பல்கலைக்கழகங்களும் சேர்ந்து உருவாக்கிய பெற்றோர் பயிற்சி, நம் நாட்டில் 'நவுஙான் காசே' என்ற பெயரில் நடந்தது. கோபம் ஏறும்போது ஒரு கணம் நின்று மூச்சைக் கவனிப்பது அத்தகைய பயிற்சிகளில் ஒரு பாடம்.

பள்ளி விடுமுறையில் மகளோடு ஊருக்குப் போனேன். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்தபடியே கேட்டார்.

"நான் அடிச்ச பெறகு செவுத்தப் பாத்தேன். முன்னாடியே பாத்திருக்கணும்னு சொல்ற."

"கொற சொல்லலம்மா."

"சொல்லு. தப்புதான். ஆனா 'களைச்சிட்டியா'ன்னு அப்ப ஒருத்தரும் கேக்கலையே." சற்று நேரம் கழித்து, "இன்னும் வலிக்குதா?" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை.

மறுநாள் பசியாறும்போது மகள் மைலோவைக் கொட்டிவிட்டாள். என் குரல் உயர்ந்தது. அம்மா துணியோடு வந்து மேசையைத் துடைத்தார்.

"நீ போயி கொஞ்சம் படுமா. நான் பாத்துக்கறேன்."