குறுக்கீடு

கடந்த கோடையில் நயினார்கோவிலில், நாகநாதர் கோயிலுக்கு அருகேயுள்ள தமக்கையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டைப் படித்துக்கொண்டிருந்தோம். படித்தோம் என்பது மிகை. மாணவர் சேர்க்கைக் காலம், கைபேசி ஓயவில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் விடையிறுத்தோம். மாலை வரை முப்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. மறுநாள் அவளுக்குக் கெடு.

பெங்களூரில் கணினி இயங்குதளத்தின் கெர்னலில் பணிபுரியும் மருமகன் சிரித்தான்.

"மாமா, உங்களுக்கு லைவ்லாக் வந்திருச்சு."

நோயின் பெயரோ என்று அஞ்சினோம். அவன் விளக்கினான். வலையிலிருந்து தரவுப் பொட்டலம் வந்ததும் வலையட்டை செயலியைத் தட்டி அழைக்கும், அதுவே குறுக்கீடு. செயலி கைவேலையை விட்டுவிட்டு ஓட வேண்டும். அழைப்புகள் அரிதாயிருந்தவரை இது நல்ல ஏற்பாடுதான். வலைகள் விரைவுற்றதும் நிலைமை தலைகீழாயிற்று. பொட்டலங்களை வாங்கி வரிசையில் வைப்பதிலேயே பொழுதெல்லாம் கழிய, அவற்றைப் பிரித்து அனுப்ப நேரமில்லை. வரிசை நிரம்ப, பாடுபட்டு வாங்கியவை குப்பைக்குப் போயின.

ஜெஃப்ரி மோகுலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே. கே. இராமகிருஷ்ணனும் 1996இல் இதை ஆய்ந்து எழுதினர். அவர்கள் சோதித்த டிஜிட்டல் யுனிக்ஸ் கணினி, வடிகட்டும் நிரலொன்று உடனிருக்கையில், நொடிக்குச் சுமார் 2,000 பொட்டலங்களை அனுப்பியது. வரத்து 6,000ஐ நெருங்கியபோது ஒன்றைக்கூட அனுப்பவில்லை. இயந்திரம் படுத்துவிடவில்லை, முழுமூச்சாய் உழைத்துக்கொண்டிருந்தது! நமக்கு உறைத்தது இவ்விடந்தான்.

அவர்கள் கண்ட தீர்வு எளிது. முதல் தட்டலோடு அழைப்பை நிறுத்திவிடுவது. பிறகு செயலியே முறை வைத்துப் போய், அளவாக எடுத்து, எடுத்ததை முடித்துவிட்டு மீள்வது. எடுக்க ஏதுமில்லாதபோது மறுபடி அழைப்பைத் திறப்பது. லினக்ஸுக்கென 2001இல் சலீம், ஓல்சன், குஸ்நெட்சோவ் ஆகியோர் விவரித்த 'நேப்பி'யும் இவ்வழிப்பட்டதே.

"மிச்சம் வாசலிலேயே விழுந்துபோகுமே?" என்றோம்.

"விழட்டும். உழைப்பு வீணாகலையே. வேணும்னா அனுப்புனவுக திரும்ப அனுப்புவாக, மாமா."

கைபேசியின் ஓசையை அடக்கி உள்ளே வைத்தோம். இயலுக்கு ஒருமுறை எழுந்து பார்ப்பதாக ஏற்பாடு. மூன்றாம் இயல் நீண்டுவிட்டது. மாணவி நன்றாகவே எழுதியிருந்தாள். இரவு எட்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது பத்தொன்பது அழைப்புகள் விடுபட்டிருந்தன. நான்கு அவளுடையவை.

ஐந்தாம் முறையும் அழைத்தாள்.