அழித்தது நான்தான்

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் மலருக்காகச் சேர்த்த பழைய புகைப்படங்கள் காணாமல் போனதற்கு இணையக் கோளாறு காரணமல்ல. வைரஸும் அல்ல. வீடு வீடாகப் போய்ப் படங்களை போனில் ஸ்கேன் செய்து ஏற்றிய தம்பியும் அல்ல. நான்.

குழுவில் கணினி தெரிந்த ஆள் என்று எனக்குப் பெயர். அதனால் ஒன்டிரைவ் கணக்கு என் பொறுப்பில் இருந்தது. ஃபோல்டரை எல்லோருக்கும் பகிர்ந்திருந்தேன். விண்டோஸில் அது ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கத்திலேயே இருக்கும். பிரவுசரைத் திறக்க வேண்டாம், பாஸ்வேர்டு கேட்காது. டாக்குமெண்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறதே என்று அதையும் என் சொந்தச் சரக்காகவே பாவித்தேன்.

2017-ல் விண்டோஸ் 10-க்கு ஃபைல்ஸ் ஆன்-டிமாண்ட் வசதி வந்ததிலிருந்து, கோப்புகளின் அருகே சின்ன அடையாளங்கள் தெரியும். நீல மேகம் என்றால் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது. பச்சை டிக் என்றால் கணினியிலும் ஒரு பிரதி இறங்கியிருக்கிறது. இதை மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். என் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

ஒருநாள் சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டது. மலர் ஃபோல்டர்தான் பெரிது என்று தோன்றியது. மொத்தமாகத் தேர்வு செய்து டெலீட் அழுத்தினேன். இணையத்தில்தான் பத்திரமாக இருக்கிறதே, இங்கே எதற்கு இன்னொன்று? எல்லா இடத்திலிருந்தும் நீங்கும் என்று எச்சரிக்கை வந்தது. அதைப் படிக்கிற பழக்கம் எனக்கு ஏது?

இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பிறர் ஏற்றியவை, நான் திறந்தே பார்க்காதவை. ஆகவே அத்தனையும் நீல மேகம். ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால், வட்டில் பிடிக்கும் இடம் என்ற வரியில் பூஜ்யம் காட்டியிருக்கும். இங்கே இருந்தது வெறும் பெயர்ப்பலகை. அதைக் கழற்றப் போய் வீட்டையே இடித்துவிட்டேன். ஒரு எம்பி கூட மிச்சமாகவில்லை. இறங்கிய கோப்பாக இருந்தாலும் ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தால் போதும், இணையப் பிரதிக்கு ஒன்றும் ஆகாது. சி டிரைவை அடைத்துக்கொண்டிருந்தது என் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் என்பது பிற்பாடு தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் படங்கள் எங்கே என்று கேட்டார்கள். டெலீட் அழுத்திய விரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாய், "தம்பி, நீ போட்டது முழுசா ஏறியிருக்காது" என்றது.

"இல்லண்ணே, எல்லாம் ஏறுச்சு. அதை நம்பித்தான் போன்ல இருந்ததையும் அழிச்சேன்" என்றான். யாரும் அவனை நம்பவில்லை. கணினி தெரிந்தவன் சொல்லிவிட்டேனே!

கணினியின் ரீசைக்கிள் பின்னில் ரகசியமாகத் தேடினேன், காலி. இணையத்தில் மட்டும் இருக்கும் கோப்பை அழித்தால் அது அங்கே வராது. ஒன்டிரைவின் இணையதளத்தில் தனியாக ஒரு ரீசைக்கிள் பின் உண்டு; தனிநபர் கணக்கென்றால் 30 நாள் வைத்திருந்துவிட்டுத் தானாகவே அழித்துவிடும். யாரிடமாவது உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கே பார்க்கச் சொல்லியிருப்பார்கள், சில நிமிடங்களில் மீட்டிருக்கலாம். மானத்துக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. அந்த 30 நாளும் படங்கள் என் கணக்கிலேயே கிடந்தன. நான் போய்ப் பார்த்தபோது கெடு முடிந்திருந்தது. டெலீட் அழுத்தியது அறியாமை என்று தப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு செய்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது.

மலர்க் குழு நண்பர்களே, அந்தத் தம்பியின் மேல் சொன்ன வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவனிடம் நேரில் போய் நான் சொல்கிறேன். அச்சுப் படங்கள் இன்னும் கையில் இருப்பவர்கள் தகவல் கொடுங்கள். இந்த முறை வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியவன் நான்.